உதடு ஏன் ஆறவே மாட்டேன் என்கிறது? நாள்பட்ட உதட்டழற்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

உதடு உரிகிறது என்று யாரிடம் சொன்னாலும் இரண்டு பதில்களில் ஒன்று தயாராக இருக்கும். “உடம்பு சூடு” என்பது ஒன்று, “வைட்டமின் குறைச்சல்” என்பது இன்னொன்று. கூடவே ஒரு லிப் பாம் பெயரும் வரும். ஒரு வாரத்தில் தானாக ஆறிவிடும் வெடிப்புக்கு இந்தப் பதில்களால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட உதடு சிவந்து, உரிந்து, எரிந்து, ஆறுவது போல் ஆறி மறுபடியும் கிளம்பிக்கொண்டே இருக்கும். அவர்களிடமும் இதையே சொன்னால் என்ன ஆகும்? மாத்திரை மாறும், பாம் மாறும், உதடு மட்டும் அப்படியே இருக்கும்.

“உதடுதானே, இதில் என்ன இருக்கிறது” என்றும் சொல்வார்கள். வாயைத் திறந்தாலே வலிக்கிறவரிடம், யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசக் கூசுகிறவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாக, அடியிலிருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

## முற்றிய இலையும் கொழுந்தும்

ஒரே செடியில் முற்றிய இலையும் இருக்கும், கொழுந்தும் இருக்கும். முற்றிய இலையின் மேல் தடித்த மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடும், வெயிலையும் தாங்கும். கொழுந்துக்கு அந்தப் பூச்சு இன்னும் சரியாக வரவில்லை. ஒரு நாள் கடும் வெயில் பட்டாலே துவண்டுவிடும்.

நம் உடம்பின் தோல் முற்றிய இலை என்றால், உதட்டின் சிவப்புப் பகுதி கடைசிவரை கொழுந்தாகவே இருக்கிறது. மற்ற இடங்களில் தோலின் உச்சியில் காய்ந்த செல்களால் ஆன ஒரு படலம் தடுப்புச் சுவர் போல நிற்கும். உதட்டில் அது மிக மெல்லியது. அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் வெளியே தெரிவதால்தான் உதட்டுக்கு அந்தச் சிவப்பு. உதட்டில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. முடி இல்லை என்பதால் முடியோடு சேர்ந்திருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளும் பெரும்பாலும் இல்லை. வெயிலைத் தடுக்கும் நிறமியும் குறைவு.

இத்தனை குறைந்த பாதுகாப்போடு இருக்கும் இடத்துக்குத்தான் வேலை அதிகம். சாப்பாடு, பேச்சு, எச்சில், பற்பசை, காற்று, வெயில் எல்லாம் நாள் முழுக்க அதன் மேல்தான் படுகின்றன.

சுருக்கமாக: உதடு எளிதில் ஈரத்தை இழக்கும், எளிதில் எரிச்சலடையும். இதற்கு உடம்புச் சூடு காரணமில்லை. அதன் அமைப்பே அப்படி.

## அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்திவிட்டது, எடுக்காமல் விட்டுவிட்டோம். மறுநாள் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். முள் செய்த வேலை என்னவோ ஒரு சின்னத் துளைதான். மற்றது எல்லாம் உடம்பு செய்வது. அந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. உள்ளே வந்ததை விரட்டவும் சேதத்தைச் சரிசெய்யவும் உடம்பு நடத்தும் இந்த வேலைக்குத்தான் அழற்சி என்று பெயர். அது உதட்டில் நடந்தால் உதட்டழற்சி. மருத்துவர்கள் கைலைட்டிஸ் என்பார்கள்.

முள்ளை எடுத்துவிட்டால் அழற்சி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். எடுக்காமல் மேலே களிம்பு மட்டும் தடவினால் வீக்கம் கொஞ்சம் வடியும், களிம்பை நிறுத்தியதும் திரும்பவும் வீங்கும். நாள்பட்ட உதட்டழற்சி என்பது பெரும்பாலும் இந்தக் கதைதான். எங்கோ ஒரு முள் இருக்கிறது, அல்லது தினமும் யாரோ புதிதாக ஒரு முள்ளைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். பல சமயம் அந்த யாரோ நாமேதான், தெரியாமல்.

உரிதல் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அழற்சி உள்ள தோல் அவசர அவசரமாகப் புதுச் செல்களை மேலே அனுப்புகிறது. அவை முற்றி இறுகுவதற்குள் உச்சிக்கு வந்துவிடுவதால் படலம் படலமாகக் கழன்று போகின்றன. அடியில் இருக்கும் புதுத் தோல் இன்னும் பலவீனமானது. அது இன்னும் எளிதில் எரிச்சலடைந்து இன்னும் அழற்சியாகிறது. இந்தச் சமயத்தில் தொங்கும் தோலைப் பல்லால் கடித்தோ நகத்தால் பிய்த்தோ இழுத்தால் ஆறிவரும் இடமும் கிழிந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உதட்டழற்சி என்பது காய்ச்சல் மாதிரியான ஒரு சொல். காய்ச்சல் என்றால் உடம்பு சுடுகிறது என்று தெரியும், எதனால் என்று தெரியாது. அதேபோல “உங்களுக்குக் கைலைட்டிஸ்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் நோயைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. தேடல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

## முதல் முள்: நாக்கு

உதடு காய்ந்தால் நாக்கு தானாக வெளியே வரும். அந்த ஒரு நொடி சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எச்சில் ஆவியாகிப் போகும்போது உதடு முன்னைவிட அதிகமாகக் காய்கிறது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடக்கும் தோல் வெடிக்கத்தான் செய்யும். போதாததற்கு எச்சில் வெறும் தண்ணீர் இல்லை. சாப்பாட்டைச் செரிக்க வேண்டிய நொதிகள் அதில் இருக்கின்றன. ஏற்கெனவே கிழிந்திருக்கும் மெல்லிய தோலை அவை மேலும் உறுத்துகின்றன.

குழந்தைகளிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உதட்டைச் சுற்றி, நாக்கு எட்டும் தூரம் வரை, வட்டமாகச் சிவந்திருக்கும். பெரியவர்களில் பலர் “நான் நக்குவதே இல்லையே” என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். அது அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது. படிக்கும்போதும் யோசிக்கும்போதும் பதற்றமாக இருக்கும்போதும் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்கச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். தூங்கும்போது வாயால் மூச்சுவிடுகிறவர்களுக்கும் உதடு இதேபோலக் காயும். அங்கே சரிசெய்ய வேண்டியது மூக்கடைப்பு.

## இரண்டாவது முள்: நாம் தடவுவது

இதுதான் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படும் இடம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உதட்டில் படும் பொருள் இரண்டு விதமாகக் கெடுதல் செய்யலாம். ஒன்று உறுத்தல். புண்ணில் மிளகாய்த்தூள் பட்டால் யாருக்கும் எரியும். அதில் ஒவ்வாமை என்று எதுவும் இல்லை, அந்தப் பொருளின் குணமே அதுதான். தடவியதும் சில்லென்று இருக்கும் மெந்தால், கற்பூரம் கலந்த பாம்கள் வெடித்த உதட்டில் இப்படித்தான் வேலை செய்யும். “வேலை செய்கிறது, அதனால்தான் விறுவிறு என்கிறது” என்று நினைக்கிறோம். புண் உறுத்தப்படுகிறது என்பதற்கு மேல் அந்த விறுவிறுப்புக்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது, தொடுகை ஒவ்வாமை. இது எல்லோருக்கும் வராது. ஒரு குறிப்பிட்ட பொருளை ஒருவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் மட்டும் எதிரி என்று மனப்பாடம் செய்துகொள்கிறது. வாசல் காவலாளி ஒரு முகத்தைத் தவறாகத் திருடன் என்று குறித்து வைத்துக்கொண்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகம் பிறகு எத்தனை முறை வந்தாலும் கலவரம்தான். டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களே இங்கே அந்தக் காவலாளிகள்.

இதில் மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயங்கள் இரண்டு. முதலாவது நேரம். இந்த ஒவ்வாமை பட்டவுடன் கிளம்பாது. செய்தி போய், டி செல்கள் திரண்டு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். திங்கட்கிழமை தடவியதற்கு உதடு புதன்கிழமை வீங்கும். நாம் சந்தேகப்படுவது புதன்கிழமை சாப்பிட்டதை. இரண்டாவது பழக்கம். “பத்து வருஷமாக இதே பற்பசைதான்” என்பார்கள். காவலாளி அந்த முகத்தைத் திருடன் என்று முடிவு செய்வது பத்தாவது வருஷத்திலும் நடக்கலாம். பழகிய பொருள் என்பதால் மட்டும் எதையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது.

சரி, எந்தெந்தப் பொருள்கள்? வாசனைச் சேர்க்கைகள், பற்பசையிலும் சூயிங் கம்மிலும் இருக்கும் புதினா, இலவங்கப்பட்டைச் சுவையூட்டிகள், லிப்ஸ்டிக்கில் சேரும் ஆமணக்கு எண்ணெயில் இருக்கும் ரிசினோலிக் அமிலம், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கப்படும் லானோலின், தேனீக்கள் கூட்டை அடைக்கப் பயன்படுத்தும் புரோபோலிஸ் என்ற பிசின், சில சன்ஸ்கிரீன் வேதிப்பொருள்கள், நிக்கல் உலோகம். பட்டியலில் பாதி “இயற்கை” என்ற பெயரோடு விற்பவைதான். இயற்கைப் பொருள் என்றால் ஒவ்வாமை வராது என்பதை தயவுசெய்து மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பொருள் நேராக உதட்டில்தான் பட வேண்டும் என்பதும் இல்லை. நகப்பூச்சு போட்ட விரலால் உதட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் போதும். இசைக்கருவியின் வாய்ப்பகுதி, வாயில் கவ்வும் பேனா, துணைவரின் உதட்டுப் பூச்சு என எல்லா வழியிலும் வரலாம்.

சுருக்கமாக: உறுத்தல் பொருளின் குணம், யாருக்கும் வரும். ஒவ்வாமை உடம்பின் ஞாபகம், சிலருக்கு மட்டும், அதுவும் தாமதமாக வரும். உதடு சரியில்லை என்று நாளுக்கு ஐந்து முறை தடவும் பாமே உதட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம்.

## முதுகில் ஒட்டி உதட்டைச் சோதிப்பது

தொடுகை ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை இருக்கிறது, பேட்ச் டெஸ்ட் என்பார்கள். இதன் அடிப்படையை 1895-இல் அறிமுகப்படுத்தியவர் யோசப் யாதாசோன் என்ற தோல் மருத்துவர். இன்றும் அதே தத்துவம்தான். சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சிறிதளவு வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு மூன்றாம் அல்லது நான்காம் நாள் இன்னொரு முறை பார்ப்பார்கள். டி செல்கள் மெதுவாக வருகிறவர்கள் ஆயிற்றே, அந்த இரண்டாவது பார்வை இல்லாமல் சோதனை முழுமையாகாது. எந்தக் கிண்ணத்தின் அடியில் தோல் சிவந்து தடித்திருக்கிறதோ, அந்தப் பொருளை உடம்பு மனப்பாடம் செய்திருக்கிறது என்று அர்த்தம். காவலாளிகள் உடம்பு முழுக்கச் சுற்றுகிறவர்கள் என்பதால்தான் உதட்டுக் கோளாறை முதுகில் சோதிக்க முடிகிறது.

இதை ரத்தப் பரிசோதனை “அலர்ஜி டெஸ்ட்” உடனோ, ஊசியால் கீறிப் பதினைந்து இருபது நிமிடத்தில் பார்க்கும் சோதனையுடனோ குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளால் உடனே கிளம்பும் ஒவ்வாமைக்கானவை. தும்மல், தடிப்பு, சாப்பிட்டவுடன் வரும் வீக்கம் போன்றவற்றை அவை காட்டும், தாமதமாக வரும் ஒவ்வாமையைக் காட்டாது. “எல்லா அலர்ஜி டெஸ்டும் எடுத்துவிட்டேன், ஒன்றும் இல்லை” என்று சொல்லும் பலருக்கு ஒட்டுச் சோதனை மட்டும் நடந்தே இருக்காது. எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம். தேவைப்பட்டது ஒன்று, செய்தது வேறொன்று.

சோதனையில் ஒரு பொருள் காட்டியது என்பதற்காக அதுவே குற்றவாளி ஆகிவிடாது. அந்தப் பொருள் உண்மையில் உதட்டில் படுகிறதா, நிறுத்தினால் உதடு ஆறுகிறதா என்று பார்த்தால்தான் முடிவு.

## வாயோரத்தில் மட்டும் வந்தால்

இரண்டு உதடுகளும் சேரும் மூலையில் மட்டும் வெடித்து, வெள்ளையாக ஊறி, வாயைத் திறந்தால் கிழிகிறதா? அது வேறு கதை. அந்த மடிப்பில் எச்சில் தேங்குகிறது, ஊறிய தோலில் கேண்டிடா என்ற பூஞ்சையோ ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவோ குடியேறுகிறது. பற்கள் விழுந்தவர்களுக்கும் பொருந்தாத பல்செட் போட்டவர்களுக்கும் வாயோர மடிப்பு ஆழமாகிவிடும், அதனால் அவர்களுக்கு அடிக்கடி வரும். பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைப்பதும், சரியாகப் பொருந்தும்படி மாற்றுவதும் களிம்பு அளவுக்கே முக்கியமான சிகிச்சை.

வைட்டமின் பேச்சுக்கு உண்மையான இடம் இங்கேதான். இரும்புச்சத்தோ பி2, பி12 போன்ற பி வைட்டமின்களோ குறைந்தால் வாயோரப் புண் வரலாம். கூடவே நாக்கு வழவழப்பாகி எரியலாம், சோர்வு இருக்கலாம். ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் கொடுக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பார்ப்பார்கள். மற்றபடி குறைவே இல்லாதவருக்கு எத்தனை பி காம்ப்ளக்ஸ் கொடுத்தாலும், அலர்ஜி தரும் பற்பசையால் உரியும் உதடு ஆறாது.

## கீழுதட்டை மட்டும் பிடிக்கும் ஒன்று

இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. கீழுதடு வெயிலை நேராக வாங்கும் கோணத்தில் இருக்கிறது. பல வருஷம் வெயிலில் வேலை செய்தவர்களுக்கு அது சொரசொரப்பாகி, வெளுத்த திட்டுகள் வந்து, உதடும் தோலும் பிரியும் கோடு மங்கலாகிவிடும். வெளிறிய நிறம் உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல், கருத்த உதடு உள்ளவர்களுக்கு வரவே வராது என்றும் இல்லை. வெயில் செல்களின் மரபணுவையே சேதப்படுத்துவதால் வருவது இது. சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும்.

கீழுதட்டில் ஒரே இடத்தில் கெட்டியான தடிப்பு, ஆறாத புண், லேசாகப் பட்டாலே ரத்தக் கசிவு இருந்தால் சின்னத் துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதற்குத் திசுப் பரிசோதனை, அதாவது பயாப்ஸி என்று பெயர். மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், அதிக நேரம் ஆகாது. மாற்றங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதைப் பொறுத்து உறைய வைப்பது, களிம்பு, லேசர், அறுவை என்று சிகிச்சை மாறும்.

## இன்னும் சில முட்கள்

முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உதடு காயும். பயப்பட வேண்டாம், அந்த மருந்து எண்ணெய்ப் பசையைக் குறைப்பதன் விளைவு அது. சிறு வயதிலிருந்து கரப்பான், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு உதடும் அதே சுபாவத்தோடு இருக்கும். லைக்கன் பிளானஸ், லூபஸ் போன்ற நோய்களும் உதட்டில் வரும். அவற்றைத் தோல் மருத்துவர் பார்த்தோ பயாப்ஸி செய்தோ சொல்வார்.

உரிவதே இல்லாமல் உதடு வீங்கி வீங்கி வடிந்து, கடைசியில் வடியாமலே நின்றுவிடும் ஒரு வகையும் உண்டு. வெள்ளை அணுக்கள் சிறு சிறு முடிச்சுகளாகத் திரள்வதால் வருவது. சிலருக்கு இதோடு முகவாதமும் வெடிப்புள்ள நாக்கும் சேர்ந்து வரும். 1928-இல் மெல்கர்சனும் 1931-இல் ரோசன்தாலும் விவரித்ததால் அதற்கு அவர்கள் இருவரின் பெயர். இன்னும் சிலருக்கு இது குடலைத் தாக்கும் கிரோன் நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். அதனால்தான் உதட்டைக் காட்டப் போனால் மருத்துவர் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார்.

சட்டென்று உதடு வீங்கி மூச்சு சிரமமானால் மட்டும் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

## சிகிச்சை: முதலில் நிறுத்துவது

புதிதாக எதையாவது போட வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நாள்பட்ட உதட்டுக்கு முதல் மருந்து நிறுத்துவது. பாம், லிப்ஸ்டிக், ஸ்கிரப், மவுத்வாஷ், சூயிங் கம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வாசனையோ சுவையோ இல்லாத பற்பசைக்கு மாறி, வாசனை சேர்க்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது உதட்டுக்கு ஈரம் கொடுப்பதில்லை, இருக்கும் ஈரம் போகாமல் மூடுகிறது. அதனால் முகம் கழுவியவுடனும் சாப்பிட்டவுடனும் போடுவது நல்லது. ஏற்கெனவே பூசியிருந்தால், நாக்கு வெளியே வரும்போது அதற்குப் பிசுபிசுப்புத்தான் தட்டும், அதுவே ஒரு நினைவூட்டல்.

அழற்சி அதிகமாக இருந்தால் மருத்துவர் மிதமான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாள்களுக்குக் கொடுப்பார். திரண்ட வெள்ளை அணுக்களைக் கலைந்து போகச் சொல்லும் மருந்து அது. நல்ல மருந்துதான். முள்ளை எடுக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மருத்துவர் சொன்ன கெடு தாண்டியும் தடவிக்கொண்டே இருந்தால் தோல் மெலியும், வாயைச் சுற்றிப் பரு போன்ற பொரிகள் வரும். பூஞ்சை இருக்கும் இடத்தில் தனியாக ஸ்டீராய்டைப் போட்டால் பூஞ்சை வளரும். கூச்சம் போல ஆரம்பித்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வரும் ஹெர்ப்பிஸ் அக்கியில் போட்டால் வைரஸுக்குக் கொண்டாட்டம். நீண்ட நாள் தேவைப்படுகிறவர்களுக்கு, தோலை மெலிய வைக்காத டேக்ரோலிமஸ் களிம்பு கொடுப்பார்கள். முதல் சில நாள் அது எரியும், பிறகு குறையும்.

வாயோரப் புண்ணுக்குக் கேண்டிடாவை அடக்கும் குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்றவை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மைக்கோனசோல் ஜெல்லுக்கு முன் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ரத்தக் கசிவு அதிகமாகிவிடும். வீங்கும் வகைக்கு உதட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. சிலருக்கு உணவில் இலவங்கப்பட்டையையும் பென்சோவேட் என்ற பதப்படுத்தியையும் தவிர்ப்பதும் பலன் தருகிறது.

நிறுத்திய மறுநாளே உதடு பளிச்சென்று ஆகிவிடாது. பலருக்குச் சில வாரங்கள் பிடிக்கும். இடையில் ஒரு கட்டத்தில் உரிதல் அதிகமானது போலத் தோன்றும், அங்கேதான் பலர் பயந்து பழைய பாமை எடுத்துவிடுகிறார்கள்.

## மருத்துவரிடம் போகும் நாளில்

தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உதட்டிலும் வாயிலும் படும் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பற்பசை, பாம், லிப்ஸ்டிக், நகப்பூச்சு, சன்ஸ்கிரீன், முகத்துக்குப் போடும் க்ரீம், சாப்பிடும் மாத்திரைகள், பாதியில் நிறுத்திய பழைய களிம்புகள் எல்லாமே. அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது, சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியல் அதில்தான் முழுதாக இருக்கும். ஒட்டுச் சோதனைக்கு நாள் குறித்திருந்தால், ஸ்டீராய்டு மாத்திரையோ முதுகில் ஸ்டீராய்டு களிம்போ பயன்படுத்துவதை முன்பே சொல்லிவிடுங்கள், சோதனையின் முடிவை அவை மறைத்துவிடும்.

அன்று உதட்டில் எதுவும் பூசாமல் போங்கள். அதோடு, உதடு மிக மோசமாக இருந்த ஒரு நாளில் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும். மாதக்கணக்கில் படுத்திய உதடு, மருத்துவரைப் பார்க்கும் அன்று மட்டும் ஒன்றுமே நடக்காதது போல இருப்பது பலருக்கும் நடந்திருக்கிறது.